முகம் காணாச் சந்தை

சந்தைக்குச் செல்பவர் பொருளை மட்டும் பார்ப்பதில்லை; அதனை விற்பவரின் முகத்தையும் பார்க்கின்றார். கத்தரிக்காயைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்ப்பதும், தராசின் முள் நிற்கும் இடத்தை உற்று நோக்குவதும், சென்ற கிழமை வாங்கிய சரக்கு எவ்வாறு இருந்தது என எண்ணிப் பார்ப்பதும் வாங்குவோரின் இயல்பு. ஏமாற்றியவர் அடுத்த சந்தை நாளில் அதே இடத்தில் அகப்படுவார் என்னும் உறுதியே நெடுங்காலமாக வாணிபத்துக்குக் காவலாக நின்று வந்துள்ளது. முகமும் இல்லை, தராசும் இல்லை, அடுத்த சந்தை நாளும் இல்லை என்றால் வாணிபம் நடைபெறுமா? இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினாவுக்கு விடை கண்ட ஒரு சந்தை உண்டு. அதுவே ஈபே என்னும் இணையச் சந்தை.

இதனைத் தோற்றுவித்தவர் பியர் ஒமிடியார். 1967ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து, சிறு வயதிலேயே ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றவர். கணினி நிரல் எழுதுவது அவருடைய தொழில். 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறையின்போது, கலிபோர்ணியா மாநிலத்திலிருந்த தம் வீட்டில் இருந்தபடியே ஓர் ஏலத் தளத்தை அவர் இணையத்தில் திறந்து வைத்தார். ஒக்ஷன் வெப் என்பது அதன் முதற்பெயர்.

வருங்கால மனைவி சேர்த்து வந்த மிட்டாய்ப் பெட்டிகளை மாற்றிக் கொள்வதற்காகவே அவர் இத்தளத்தை அமைத்தார் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கியது. அது பத்திரிகையாளரின் கவனத்தைக் கவர்வதற்காக நிறுவனத்தார் பின்னர் கட்டிய கதை என்பது 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உண்மையில் அங்கு முதலாவதாக விலைபோனது, பழுதுபட்ட ஒரு லேசர் ஒளிகாட்டி. பழுதுபட்டது என்பதை ஒமிடியார் மறைக்காமல் எழுதியிருந்தார். அவ்வாறிருந்தும் ஒருவர் அதனை 14 டொலர் 83 சதத்துக்கு ஏலத்தில் எடுத்தார். கடைக்காரர் குப்பையில் எறியும் பொருளுக்கும் உலகில் எங்கோ ஒரு மூலையில் வாங்குவோர் உளர் என்பது அன்று தெளிவாயிற்று.

இச்சந்தை முதலில் வேரூன்றியது அரும்பொருள் சேர்ப்போரிடையே என்பது கவனிக்கத்தக்கது. பழைய பொம்மைகள், நாணயங்கள், முத்திரைகள் முதலியவற்றுக்குக் கடையில் நிலையான விலை கிடையாது. அவற்றை நாடுவோரும் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பர். சிதறியோரை ஒன்று சேர்க்க இணையம் உதவியது. விலையைக் கண்டறிய ஏலம் உதவியது. விற்போர் இல்லாத சந்தைக்கு வாங்குவோர் வாரார்; வாங்குவோர் இல்லாத சந்தைக்கு விற்போர் வாரார். புதிதாகச் சந்தை கூட்டுவோர் அனைவரையும் மலைக்கச் செய்யும் இம்முடிச்சு, வேறெங்கும் கிடைக்காத பொருள்களிலிருந்து தொடங்கியமையால் அவிழ்ந்தது.

முதலில் கட்டணம் எதுவும் அறவிடப்படவில்லை. பாவனையாளர் பெருகவே, இணைய இணைப்பு வழங்கிய நிறுவனம் மாதம் 250 டொலர் கேட்டது. ஆகவே 1996ஆம் ஆண்டு பெப்ருவரியில், விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கினை விற்பவரிடமிருந்து பெறுவதென ஒமிடியார் முடிவு செய்தார். பற்றுச்சீட்டு அனுப்பி வற்புறுத்த ஆளில்லை; விற்றவர் தாமாகவே அனுப்ப வேண்டும். ஆயினும் சிறு தொகைக் காசோலைகளும் நாணயங்களும் தபால் உறைகளில் வந்து குவிந்தன. அவற்றைப் பிரிப்பதற்கே ஒருவரை வேலைக்கு அமர்த்த நேர்ந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஒமிடியார் தாம் பார்த்துவந்த உத்தியோகத்தையும் விட்டுவிட்டார்.

கூட்டம் பெருகியபோது வழக்குகளும் பெருகின. பணம் அனுப்பியும் பொருள் வரவில்லை என்பார் ஒருவர். பொருள் உடைந்து வந்தது என்பார் மற்றொருவர். முறைப்பாடுகள் யாவும் ஒமிடியாரிடமே வந்தன. எல்லாவற்றுக்கும் தாமே நீதிபதியாக இருத்தல் இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1996 பெப்ருவரி 26ஆம் நாள் பாவனையாளருக்கு ஒரு மடல் எழுதினார். மனிதருட் பெரும்பாலோர் நேர்மையானவர், சிலர் அவ்வாறல்லர், ஆகவே நற்செயலையும் தீச்செயலையும் எல்லோரும் அறியப் பதிவுசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். கொடுக்கல் வாங்கல் முடிந்தபின் ஒருவர் மற்றவரைப் பற்றி நற்சான்றோ குறைச்சான்றோ எழுதலாம். அச்சான்றுகளின் தொகை அவரவர் பெயரின் பக்கத்தில் எண்ணாக நிற்கும். முகத்தைக் காண இயலாத சந்தையில் அவ்வெண்ணே முகமாயிற்று. சிறு சிறு விற்பனைகளால் ஆண்டுக்கணக்கிற் சேர்த்த நற்பெயரை ஒரு பொய்யினால் இழக்க எவரும் எளிதில் துணியார்.

இவ்வத்திவாரத்தின் மீதே பின்வந்த வளர்ச்சி எழுந்தது. 1996இல் ஜெப் ஸ்கோல் முதலாவது தலைவராக இணைந்தார். 1997இல் சந்தை ஈபே என்னும் பெயரைப் பெற்றது. 1998இல் மெக் விட்மன் நிர்வாகத்தை ஏற்றார். அவ்வாண்டு செப்டெம்பர் 24ஆம் நாள், 18 டொலர் விலை குறிக்கப்பட்ட அதன் பங்கு, பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாள் மாலையிலேயே 47 டொலருக்கு மேல் நின்றது.

நம்பிக்கை ஒருமுறை ஈட்டி வைத்துவிட்டு மறந்துவிடும் பொருளன்று. 1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தளம் ஏறத்தாழ ஒருநாள் முழுதும் செயலிழந்தபோது, நடைபெற்றுக்கொண்டிருந்த ஏலங்களுக்குரிய கட்டணங்களை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. சான்று முறையிலும் நாளடைவிற் பழுது தோன்றியது. வாங்கியவர் குறை எழுதினால் விற்றவரும் பழிக்குப் பழியாகக் குறை எழுதினார். அதற்கஞ்சிப் பலர் உண்மையை எழுதாது விடுத்தனர். 2008இல், வாங்குவோரைப் பற்றி விற்போர் குறைச்சான்று எழுதுதல் நிறுத்தப்பட்டது. விதிகளும் காலத்துக்கேற்பத் திருத்தப்பட வேண்டியவையே.

ஓரிடத்தில் வெற்றி கண்ட விதி மற்றோரிடத்தில் தோற்பதும் உண்டு. 2003ஆம் ஆண்டில் ஈபே, ஈச்நெட் என்னும் சீன நிறுவனத்தை முழுமையாக வாங்கி அந்நாட்டில் முன்னணியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் ஜாக் மாவின் அலிபாபா நிறுவனம் தாவ்பாவ் என்னும் போட்டிச் சந்தையைத் திறந்தது. அங்கே விற்போரிடம் கட்டணம் கேட்கப்படவில்லை. வாங்குபவரும் விற்பவரும் நேரடியாக உரையாடிப் பேரம் பேசலாம். தரகுக் கட்டணம் கைநழுவும் என்றஞ்சிய ஈபே, அத்தகைய உரையாடலுக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. மேலும் தாவ்பாவில், வாங்குபவர் செலுத்தும் பணத்தை அலிபே என்னும் ஏற்பாடு தன்னிடம் வைத்திருந்து, பொருள் கிடைத்ததென அவர் உறுதிகூறிய பின்னரே விற்பவரிடம் சேர்த்தது. முன்பின் அறியாதவருக்கு முற்பணம் அனுப்பத் தயங்கிய மக்களுக்கு, சான்றெண்ணைவிட இக்காவலே பெரிதாகத் தோன்றியது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஈபே தன் சீனத் தளத்தை மூடி, உள்நாட்டு நிறுவனமொன்றின் கூட்டுக்குள் ஒதுங்கிக் கொண்டது.

பொருள், பண்டகசாலை, வண்டி ஆகிய எவையும் இல்லாமலே ஒமிடியார் சந்தை கூட்டினார். அவர் அமைத்தவை இரண்டு: எளிதிற் கூடுவதற்கு ஓரிடம், கூடியோர் ஒருவரையொருவர் நம்புவதற்கு ஒரு வழி. இடத்தை அமைக்க ஒரு விடுமுறை போதுமாயிற்று. நம்பும் வழியையோ ஆண்டுதோறும் செப்பனிட வேண்டியிருந்தது. அதனை அந்தந்த மக்களின் அச்சத்தை அறிந்து செப்பனிட்டவரிடமே சந்தையும் நிலைத்தது.