தலையசைப்பும் சம்மதமும்



2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரம். பத்தாம் தர வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், காக்காமாரின்ட கடையில சாப்பிட்டா பிள்ளை பிறக்காதாமே, மெய்தானா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. "அதை விஞ்ஞான ஆசிரியரிடம் கேள், தம்பி" என்று கூறி அவனை அமர்த்திவிட்டு, மீண்டும் புணர்ச்சி விதிக்குத் திரும்பினேன். அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலே இன்றைய உரை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நம் பகுதி மக்கள் அறிவர். கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை கடந்து போனால் அம்பாறை நகரம். அங்கே 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்த ஒருவர் கறியில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டார். அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று சத்தமிட்டார். காசாளர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரியாக அறியாதவர். சூழ்ந்து நின்று மிரட்டியவர்கள் கேட்டதற்கு, அச்சத்தில் ஆம் என்பதுபோல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு காணொளியாகி, ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. அன்றிரவே கடைகளும் வாகனங்களும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் திகனையிலும் கண்டிப் பகுதியிலும் வன்செயல் மூண்டது. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் தந்த அறிக்கையின்படி, கறியில் கிடந்தது வெறும் மாவுக்கட்டி.

உணவில் ஒரு மாத்திரையைக் கலந்து மனிதரை நிரந்தரமாக மலடாக்கலாம் என்பது மருத்துவம் அறியாத கதை. அப்படியொரு மாத்திரை உலகில் இல்லை. நிரந்தரக் கருத்தடைக்கு மருத்துவம் அறிந்த வழி சத்திரசிகிச்சையே. பெண்ணுக்குக் கருமுட்டை செல்லும் குழாய் இரண்டையும் கட்டி வெட்டுவர். நம் வைத்தியசாலைகளில் இதனை 'எல்.ஆர்.ரி' என்பார்கள். ஆணுக்கு விந்து செல்லும் குழாய்களைத் தடுப்பர். அது வயிற்றைத் திறக்காத சிறு சிகிச்சை, செய்தவர் அன்றே வீடு திரும்பலாம்.

இதன் வரலாறு கருணையில் தொடங்கியது எனலாம். 1880ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லங்கிரன் என்ற வைத்தியர், இரண்டாம் முறையும் வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுக்க நேர்ந்த ஒரு தாய்க்கு இனியும் அந்த ஆபத்து வரலாகாதென்று கருக்குழாய்களைக் கட்டினார். இருபது ஆண்டு செல்லுமுன் அதே நாட்டின் இந்தியானா மாநிலத்தில், சிறைக் கைதிகளுக்கு ஆண் கருத்தடை செய்யப்பட்டது. 1907இல் அங்கே 'தகுதியற்றோர்' பிள்ளை பெறலாகாதெனச் சட்டமே வந்தது. அந்நாட்டில் இத்தகைய சட்டங்களால் அறுக்கப்பட்டோர் 60,000க்கு மேற்பட்டோர். 1933இல் ஹிட்லரின் ஜேர்மனி இயற்றிய சட்டத்துக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பேர் ஆளாயினர். ஜப்பானில் 1948 முதல் 1996 வரை நடைமுறையில் இருந்த இத்தகைய சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டின் மீயுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஜூலையிலேதான்.

கத்தி ஒன்றே; குழாயும் ஒன்றே. தாயைக் காத்ததும் கைதியைச் சிதைத்ததும் அதே சிகிச்சைதான். வேறுபாடு எங்கே இருக்கிறது? யாருடைய உடலோ அவருடைய விளங்கிய சம்மதத்தில் இருக்கிறது.

அயல்நாடான இந்தியா இதனைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த முகாமொன்றில் 63,000க்கு மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். பரிசும் விழாவுமாக நடந்த அந்த முகாமை உலகமே புகழ்ந்தது. ஐந்தாண்டுகளில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் பரிசின் இடத்தில் பயம் வந்தது. அரியானாவில் முஸ்லிம்கள் வாழும் உத்தாவர் கிராமத்தை 1976 நவம்பரில் பொலிஸார் அதிகாலையில் சுற்றிவளைத்து ஆண்களை ஏற்றிச் சென்றனர். 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 82 இலட்சம் சத்திரசிகிச்சைகள். அவற்றுள் 62 இலட்சம் ஆண்களுக்கு. 1977 தேர்தலில் இந்திரா காந்தியின் ஆட்சி வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

ஆண்களின் சினத்துக்கு அஞ்சிய அரசுகள் பின்னர் சுமையைப் பெண்கள்மீது இறக்கின. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 வீதமானோர் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் சிகிச்சை 0.3 வீதம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணித்தியாலங்களுக்குள் 83 பெண்களுக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தும்படி கட்டளையிட்டது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். நம் அகராதிகளில் 'மலடி'யோடு 'மலடன்' என்ற சொல்லும் உண்டு. ஆனால் தெருவில் வசையாகக் கேட்பது முதற்சொல் மட்டுமே. பிள்ளை இல்லாவிட்டாலும் பழி பெண்ணுக்கு. பிள்ளை போதும் என்றாலும் கத்தி பெண்ணுக்கு.

நம் நாட்டுக்கு வருவோம். 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. வைத்தியர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண்மணி அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1965இல் அரசாங்கம் குடும்பத் திட்டத்தைச் சுகாதார சேவையோடு இணைத்தது. 1980இல் கருத்தடை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் வந்தது. முதலில் 100 ரூபா. அதே ஆண்டிலேயே 500 ரூபா. நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு அன்று 500 ரூபா என்ன பெறுமதி என்பதை எண்ணிப் பாருங்கள். மலையகத் தோட்டப் பெண்கள் எப்படி நெருக்கப்பட்டார்கள் என்பதை ஆய்வாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைக்கு 'கருப்பைகளைத் திருடுதல்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். பசியோடு வைத்த கையொப்பமும், விளங்காத மொழிக்கு அசைத்த தலையும் சம்மதம் ஆகுமா?

'நிரந்தரம்' என்ற சொல்லின் கனத்தை நமக்கு உணர்த்தியது கடல். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் பிள்ளைகள் அத்தனை பேரையும் அலைக்குக் கொடுத்த தாய்மார் இருந்தார்கள். அக்கரையில், நாகப்பட்டினத்து மீனவக் குப்பங்களிலும் அதே துயர். இரண்டு பிள்ளை போதுமென்று கருத்தடை செய்திருந்த பெண்கள், பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தபின் வைத்தியசாலை வாசலில் வந்து நின்றார்கள். 2005இல் தமிழ்நாட்டு அரசு, வெட்டிய குழாய்களை மீண்டும் இணைக்கும் சிகிச்சையை அவர்களுக்கு இலவசமாக்கியது. ஆயினும் இணைத்த குழாய்வழி கரு நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. இது அறியாமல் இடும் கையொப்பம் பாதிக் கையொப்பமே.

இஸ்லாமிய அறிஞர்கள் இந்த 'நிரந்தரத்தை' முன்னரே எடைபோட்டார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, கணவனும் மனைவியும் மனமொத்துப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைப்பதை அனுமதித்தது. பெறும் ஆற்றலையே அழிப்பதைக் கட்டாயத் தேவை இருந்தாலன்றித் தடுத்தது. நம் முஸ்லிம் ஊர்களிற் பெரும்பாலோர் தம் வாழ்வில் கைக்கொள்வது இதுவே. தமக்கே ஆகாதென்று ஒதுக்கும் ஒன்றை அயலானின் சோற்றில் கலந்தார்கள் என்ற பழியை அவர்கள் சுமக்க நேர்ந்தது எத்தகைய கொடுமை!

பழி அதோடு நிற்கவில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின், மே மாதத்தில் சிங்கள நாளேடொன்று, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று முன்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் சாபி சிஹாப்தீன் கைதானார். அறுத்துப் பிள்ளை எடுக்கும் கூடத்தில் ஒருவர் தனியே நிற்பதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், தாதியர், உதவி வைத்தியர் எனப் பலரின் கண்முன்னேதான் கத்தி ஓடும். அவருடன் பணியாற்றியோரை விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம், குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றுக்கு அறிவித்தது. ஜூலை 25இல் அவருக்குப் பிணை கிடைத்தது. 2022இல், நாடு மருந்தின்றித் தவித்தபோது, தமக்கு வந்து சேர்ந்த சம்பள நிலுவை 26 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகையை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார் அவர்.

நேயர்களே, வதந்திக்கு அஞ்சி, பேசவேண்டிய உண்மையையும் நாம் பேசாமல் விடுகிறோம். வலுவில் அறுக்கப்பட்டவர்கள் வரலாற்றில் உண்டு. ஆகவேதான் அந்த அச்சம் எளிதில் தீப்பற்றுகிறது. அந்த வரலாற்றை வகுப்பிலும் வீட்டிலும் தெளிவாகச் சொல்லியிருந்தால், ஒரு மாவுக்கட்டிக்காகக் கடை எரிந்திராது. நானும் சொல்லவில்லை. அந்த மாணவனின் சிரிப்பொலிக்குப் பயந்த ஆசிரியன் நான்.

இன்று அவன் கேட்டால் இப்படிச் சொல்வேன்: "பொய் தம்பி. அப்படி ஒரு மாத்திரை இல்லை. அதற்கு ஒரு சத்திரசிகிச்சை உண்டு. அதை வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் உரிமை அந்த உடலுக்குரியவருக்கே. அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லி, அவர் வாயாலேயே ஆம் என்று கேட்கவேண்டும். தலையசைப்பு போதாது. காக்காவின் கடையில் போய் நன்றாகச் சாப்பிடு."