புனிதக் கூட்டத்தில் யாருக்கு இடம்?

புனிதம் என்று யாராவது பேச ஆரம்பித்தாலே நம்ம சனங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். புனிதம் இருக்கிற இடத்தில் தீட்டும் இருக்கும். தீட்டு என்றால் அது நாம்தான். ஆனால் புனிதத்தை வேறு மாதிரி சொன்ன ஒரு சட்டமும் உலகத்தில் உண்டு. யூதர்கள் அதைத் தோரா என்கிறார்கள். திண்டுக்கல் வட்டாரத்துக் கிறிஸ்தவத் தலித்துகளுக்கு அது பைபிளின் முதல் ஐந்து ஆகமங்கள்.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பரிசுத்தமாக வாழும் கட்டளை அங்கே தனியொரு பூசாரிக்குச் சொல்லப்படவில்லை, மொத்தச் சபைக்கும் சொல்லப்படுகிறது. எது பரிசுத்தம்? வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடுவது. கூலிக்காரன் கூலியை ராத்திரி தங்க விடாமல் கொடுப்பது. படியிலும் தராசிலும் கள்ளம் பண்ணாமல் இருப்பது. உபாகமம் 5-இல் ஓய்வுநாள் வருகிறது. அது எசமானுக்கு மட்டுமல்ல. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லாவற்றுக்கும். அதற்குச் சொல்லும் காரணம்தான் முக்கியம்: எகிப்தில் நீங்களே அடிமையாய்க் கிடந்தவர்கள், அதை மறக்கக் கூடாது.

கடலைக்காட்டில் தப்புக்கடலை பொறுக்கப் போய் வசவு வாங்கிய நம்ம பொம்பளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் அந்நியரை அடிமையாக வாங்கிக்கொள்ள அனுமதிக்கிறது. இந்த ஓட்டை வழியாகத்தான் நம்ம பக்கத்து ஊரான கொச்சியில் சாதி உள்ளே நுழைந்தது.

மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதன் நீலநிறத் தரை ஓடுகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தத் தரையில் யார் உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கொச்சியில் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பிரிவு. இவர்களுக்கும் கீழே மெஷுஹ்ராரிம். இந்த எபிரேயச் சொல்லுக்கு விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். அதாவது அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்கள் வாரிசுகளும். அவர்களும் ஓய்வுநாளை ஆசரித்தார்கள், உணவு விதிகளைக் காத்தார்கள். ஆனால் பரதேசி ஜெபாலயத்தில் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது, வெள்ளை யூதர் வீட்டில் பெண் எடுக்க முடியாது.

இது தோராவின் விதியா? இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இந்த வழக்கு கெய்ரோவுக்குப் போனது. அங்கிருந்த பெரிய ராபி டேவிட் இப்ன் ஸிம்ரா, முறைப்படி முழுக்குச் சடங்கு செய்துவிட்டால் அவர்களோடு திருமண உறவு வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தது, தடை போகவில்லை. வேதம் ஒன்று சொன்னால் ஊர் வழக்கம் வேறொன்று சொல்லும். எந்த மதம் இங்கே வந்தாலும் இதுதானே கதை?

இதை உடைக்க வந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882-இல் மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்தவர், கொச்சி சட்டசபையில் உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். வெளியே இத்தனை மரியாதை, ஜெபாலயத்துக்குள் கடைசி இடம். அவர் மதத்தை விட்டுப் போகவில்லை. சத்தியாக்கிரகத்தை ஜெபாலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார், கொஞ்ச காலம் அதைப் புறக்கணித்தும் பார்த்தார். 1930-களில் அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டேல்பாம் வந்து பார்த்தபோது பழைய தடைகள் பல விழுந்திருந்தன. கல்யாணத் தடை மட்டும் கடைசிவரை இழுத்தது. 1950-இல்தான் சேலத்தின் மகன் வெள்ளை யூதர் வீட்டில் பெண் எடுத்தார். அதற்குப் பிறகு சில வருடங்களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். சமத்துவம் வந்து சேர்ந்தபோது சபையே கலைந்துபோச்சு.

சேலத்தின் கதை உள்ளே இருந்தவன் கதை. வெளியே இருந்து போனவர்கள் கதையும் உண்டு. ஆந்திரத்தில் குண்டூர் பக்கம் கொத்தரெட்டிபாலெம் என்ற ஊரில் 1980-களின் கடைசியில் மாதிகா குடும்பங்கள் சில, தங்களை எப்ராயீம் கோத்திரத்து யூதர்கள் என்று அறிவித்தன. மாதிகாக்கள் தோல் தொழில் சாதி என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். நம்ம ஊர் அருந்ததியர் போல. மாட்டுக்கறி தின்பதும் பிணத்தைப் புதைப்பதும் இழிவு என்று ஊர் சொன்னதை, அது எங்கள் இஸ்ரவேல் மூதாதையர் வழக்கம் என்று இவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இழிவின் அடையாளம் கௌரவத்தின் அடையாளமாக மாறியது. ஆனால் தினக்கூலிக்குப் போகிறவன் சனிக்கிழமை ஓய்ந்து உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. ஓய்வு கொடுக்க வேண்டிய எசமான் அந்தச் சட்டத்துக்குள் இல்லையே! 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணையும் பட்டியல் சாதித் தகுதியை இந்து, சீக்கியர், பவுத்தரோடு நிறுத்திவிட்டது. கிறிஸ்தவத் தலித்துக்கு இல்லாதது யூதத் தலித்துக்கும் இல்லை.

எபிரேயத்தில் புனிதம் என்ற சொல்லுக்குத் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டது என்று பொருள் சொல்வார்கள். ஒதுக்கி வைக்கப்படுவது என்னவென்று நமக்குத் தெரியும். ஆகவே எந்தச் சபை தன்னைப் புனிதம் என்று சொன்னாலும் நாம் மூன்று கேள்வி கேட்போம். உள்ளே யார் எங்கே உட்காருகிறார்கள்? கூலி என்றைக்குக் கொடுக்கிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா? திண்டுக்கல் சமவெளியில் எந்தக் கோபுரத்தின் கீழ் நின்றும் இதைக் கேட்கலாம். பதில் வரும்வரை கேட்க வேண்டும்.