யார் காத்த கோல்?

1949-இல் மான்செஸ்டர் ஸிடி குழு ஒரு ஜெர்மானியனைக் கோல் காக்க அமர்த்தியது. பெயர் பெர்ட் டிரௌட்மன். ஹிட்லரின் பாராசூட் படையில் இருந்து, யுத்தக் கைதியாக இங்கிலாந்துக்கு வந்தவன். நகரம் கொதித்தது, ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள்.

அவ்வூர் யூத குரு அலெக்ஸாண்டர் ஆல்ட்மன், நாஜிகளுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்தவர். அவரே பத்திரிகைக்கு எழுதினார்: ஒரு தேசத்தின் பாவத்துக்காகத் தனி மனிதனைத் தண்டிப்பது நியாயமல்ல என்று. எதிர்ப்பு மெல்ல அடங்கிற்று.

1956 எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அடிபட்ட டிரௌட்மன், வலியோடு கடைசி 17 நிமிஷமும் நின்று காத்தான். குழு 3–1 என்று வென்றது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாள் கழித்தே எக்ஸ்-ரேயில் தெரிந்தது. 1964 வரை அவன் 545 ஆட்டங்கள் ஆடினான்.

முறிந்த கழுத்தை உலகம் இன்றும் பேசுகிறது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அவனை அங்கே நிற்க விட்டிருப்பார்களா?