பெயரில் நின்ற பிழை

இரசாயனம் பயிலத் தொடங்கும் மாணவர் முதன்முதற் கேட்கும் மூலகப் பெயர்களுள் ஒட்சிசன் என்பது ஒன்று. கிரேக்க மொழிச் சொற்களைக் கொண்டு ஆக்கப்பட்ட அப்பெயருக்கு, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்பது பொருள். ஆயின், அமிலத்துக்கு அமிலத் தன்மையை அளிப்பது ஒட்சிசன் அன்று என்பதையும் அம்மாணவர் விரைவிற் கற்றுவிடுகின்றனர். பெயர் ஒன்று கூற, உண்மை வேறொன்றாய் இருத்தல் எவ்வாறு நேர்ந்தது? அமிலம், காரம் என்பவற்றைப் பற்றிய மனித அறிவு வளர்ந்த வரலாறே இவ்வினாவுக்கு விடையாகும்.

அமிலத்தை மனிதன் முதலில் நாவினாலேயே அறிந்தான். எலுமிச்சஞ் சாற்றிலும் காடியிலும் அவன் கண்ட புளிப்பே அமிலத்தின் முதல் அடையாளம். காரத்தை அவன் தாவரச் சாம்பலிற் கண்டான். நிறமாற்றமும் பண்டைக்காலந்தொட்டே மக்கள் கண்ணிற் பட்டதொன்றே. மஞ்சள் கரைத்த நீரிற் சுண்ணாம்பு சேர, ஆலத்தி நீர் சிவப்பது தமிழர் இல்லங்களில் எவரும் அறிந்தது. மஞ்சளின் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்து செந்நிறம் அடைதலே அதன் காரணம். ஆயினும், ஒன்றைக் காண்பது வேறு. கண்டதைச் சோதனைக் கருவியாக்குவது வேறு. இரண்டாவதைச் செய்தவர் இரொபேட் போயில். 1664 ஆம் ஆண்டில் வெளியான நிறங்கள் பற்றிய நூலில், நீலநிற வயலற்றுப் பூச்சாறு அமிலத்திற் சிவப்பாகவும் காரத்திற் பச்சையாகவும் மாறுவதை அவர் எடுத்துக்காட்டினார். நாவின் வேலையைக் கண் ஏற்றுக்கொண்டது. இன்று பள்ளிகளில் வழங்கும் பாசிச்சாயத்தாளும் அவ்வழி வந்ததே.

எனினும், அமிலம் ஏன் அமிலமாயிற்று என்ற வினா எஞ்சி நின்றது. பிரான்சு நாட்டு இலவோசியே அதற்கு விடை காண முயன்றார். தராசையே பெருந்துணையாகக் கொண்ட அவர், கந்தகமும் பொசுபரசும் எரியும்போது காற்றின் ஒரு பகுதியோடு கூடி நிறையிற் கூடுவதைக் கண்டார். அவ்வாறு உண்டான பொருள்கள் நீரிற் கரைந்து அமிலங்களாயின. காபன் எரிந்து தந்த வாயுவும் அவ்வாறே புளிப்புடைய கரைசலைத் தந்தது. ஆதலின், எல்லா அமிலங்களிலும் காற்றின் அப்பகுதி இருத்தல் வேண்டும் என முடிவுசெய்து, அதற்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டார். 1789 இல் அவர் வெளியிட்ட இரசாயன நூல் அக்கொள்கையை ஐரோப்பா எங்கும் பரப்பியது.

கண்ட சிலவற்றைக் கொண்டு காணாத எல்லாவற்றையும் அளந்ததே அம்முடிவின் குறை. கறியுப்பினின்று பெறப்படும் ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இருப்பதை எவரும் காட்டவில்லை. ஒருநாள் அது காட்டப்படும் என இலவோசியே நம்பினார். அவ்வமிலத்தின் அறியப்படாத கூறு ஒன்றைத் தம் மூலக அட்டவணையிலும் சேர்த்துவைத்தார். 1794 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி, வரிக்குத்தகையாளருள் ஒருவராய் இருந்தமையாற் புரட்சி மன்றின் தீர்ப்புக்கு ஆளாகி, அவர் கொலைப்பொறியில் உயிர் நீத்தார். தம் கொள்கை வீழ்ந்ததை அவர் காணவில்லை.

அதனை வீழ்த்தியவர் இலண்டனில் ஆராய்ந்த அம்பிரி டேவி. 1807 இல் உருகிய பொற்றாசுக் காரத்தினூடாக மின்னைச் செலுத்தி, பொற்றாசியம் என்னும் புதிய உலோகத்தை அவர் பிரித்தெடுத்தார். அமிலத்தைப் பிறப்பிப்பது எனப்பட்ட ஒட்சிசன் காரத்தினுள்ளே இருந்தமை அப்போது தெரியவந்தது. அடுத்து, ஐதரோகுளோரிக்கமிலத்தினின்று 1774 இற் சீலே பெற்ற பசுமஞ்சள் வாயுவை அவர் ஆராய்ந்தார். அது ஒட்சிசன் அடங்கிய சேர்வை என்றே அந்நாள் அறிஞர் கருதினர். கரித்துண்டை வெண்சூடாகும்வரை அவ்வாயுவிற் காய்ச்சியபோதும், கரியோடு சேர ஒட்சிசன் சிறிதும் வெளிவரவில்லை. 1810 இல் டேவி அதனை ஒரு மூலகம் எனத் துணிந்து கூறி, நிறத்தாற் குளோரீன் எனப் பெயரிட்டார். பிரான்சில் கே-லுசாக்கு, தெனார் என்னும் இருவரும் 1809 இலேயே இத்தகைய சான்றுகளைக் கண்டிருந்தனர். ஆயினும் இலவோசியேயின் கொள்கையை விட்டு விலக அவர்கள் துணியவில்லை. சான்று கையிலிருந்தும் பெரும்பெயர் கண்ணை மறைத்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஐதரோகுளோரிக்கமிலத்தில் உள்ளவை ஐதரசனும் குளோரீனுமே. எனவே அறிஞர் பார்வை ஐதரசன்பாற் சென்றது. உலோகத்தால் இடம்பெயர்க்கத்தக்க ஐதரசனை உடையதே அமிலம் என 1838 இல் இலீபிக்கு வகுத்துரைத்தார். அவ்வைதரசன் நீரில் மின்னேற்றமுள்ள அயனாய்ப் பிரிகின்றது என்பதைச் சுவீடன் நாட்டு அரேனியசு நிறுவினார். அவர் அக்கருத்துக்கு வித்திட்ட ஆய்வுரையை 1884 இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தபோது, அதற்குத் தாழ்ந்த தரமே கிடைத்தது. 1903 இல் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது.

காரணம் விளங்கியபின் அளவு தேவைப்பட்டது. கோபன்கேகனிற் காள்சுபேக்கு மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில் நொதியங்களை ஆராய்ந்த சோரென்சன், கரைசலின் அமிலச் செறிவு சிறிது மாறினும் நொதியத்தின் தொழில் பெரிதும் மாறுவதைக் கண்டார். 1909 இல் அவர் வகுத்ததே பீ.எச். அளவை. தூய நீரில் ஓர் இலீற்றரில் உள்ள ஐதரசன் அயன் ஒரு மூலின் கோடியில் ஒரு பங்கு. கோடியை எழுத வேண்டும் சுழியங்கள் ஏழு. ஆதலின் நடுநிலை 7. அதனிற் குறைந்தால் அமிலம், கூடினாற் காரம். ஒரு படி இறங்கின் அமிலச் செறிவு பத்து மடங்காகும். மனிதக் குருதியின் பெறுமானம் ஏறக்குறைய 7.4, அதனினின்று அரைப் படி வழுவினும் உயிருக்கு இடர் நேரும். தேயிலைச் செடியோ ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணிலேயே செழிக்கும். மருத்துவரும் பயிர்த்தொழிலாளரும் இன்று அந்த ஓர் எண்ணாற் பேசுகின்றனர்.

ஒட்சியேற்றம் என்னும் சொல்லும் தன் பழம்பொருளைக் கடந்துவிட்டது. ஓர் அணு இலத்திரனை இழத்தல் ஒட்சியேற்றம், பெறுதல் தாழ்த்தல். சோடியம் குளோரீனில் எரிந்து கறியுப்பாகும்போது, ஒட்சிசன் அணுவொன்றேனும் அங்கில்லை. ஆயினும் சோடியம் ஒட்சியேற்றப்படுகின்றது.

கொள்கை மாறியும் பெயர் மாறவில்லை. அதனை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. எரிதலின் உண்மையை உலகுக்குக் காட்டிய பேரறிஞனும் தவறக்கூடும் என்பதையும், அத்தவற்றைத் திருத்துவது ஒரு கரித்துண்டும் அதனைக் காய்ச்சிப் பார்க்கும் துணிவுமே என்பதையும், ஒட்சிசன் என்னும் அச்சொல் ஒவ்வொரு வகுப்பிலும் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது.