மரப் பொய்யிரைகளில் எப்பாக்சிப் பூச்சு இறுகுதல்

மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய தூண்டில் பொய்யிரைகளை நீரிலிருந்தும் மீனின் பற்களிலிருந்தும் காக்கப் பூசப்படும் எப்பாக்சி, கரைப்பான் ஆவியாவதால் காய்வதன்று. பிசினும் கடினமாக்கி எனப்படும் இரண்டாம் கூறும் வேதிவினை புரிந்து, மூலக்கூறுகள் வலைபோலப் பிணைவதால் அது இறுகுகிறது. எனவே கடினமாக்கியைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் காயும் என்னும் பரவலான எண்ணம் தவறு. தயாரிப்பாளர் குறித்த விகிதம் பிறழ்ந்தால், வினையில் சேராத கூறு தங்கி, பூச்சு நாட்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

பூசியதும் கலவை வழிந்து வயிற்றுப்புறத்தில் சொட்டாகத் திரளாதிருக்க, நிமிடத்துக்குச் சில சுற்றுகளே சுழலும் மோட்டார் சக்கரத்தில் இரைகளைப் பொருத்தி, பூச்சு ஓடாத நிலையை அடையும்வரை சுழலவிடுவர். மரம் சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து குமிழிகளாக வெளிப்படுமாதலால், முன்னதாக மெல்லிய அடிப்பூச்சால் துளைகளை அடைப்பதே நன்று. குளிரும் ஈரப்பதமும் மிகுந்தால், கடினமாக்கியின் அமீன்கள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து மெழுகு போன்ற வெண்படலத்தை உண்டாக்கும். அதை வெதுவெதுப்பான நீரால் கழுவிய பின்னரே அடுத்த பூச்சு ஒட்டும்.

வினை வெப்பம் உமிழ்வதால், குவளையில் ஆழமாகத் தேங்கிய மிச்சக் கலவை புகையுமளவு சூடேறக்கூடும். இறுகாத எப்பாக்சி தோலில் ஒவ்வாமையை விளைவிக்கும் என்பதால் நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் தேவை. தொட்டால் ஒட்டாத நிலை முழு இறுக்கமன்று, அதற்குப் பெரும்பாலும் பல நாட்களாகும் என்பதால், அதற்குமுன் உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசியும் தீங்கானதே.