உப்பு, வரி, சராசரி: ஒரு நாட்டோட வறுமையை எப்படி அளந்தாங்க?

சென்னையில இருந்து ஈசிஆர் வழியா பாண்டிக்குப் போயிருந்தீங்கன்னா அனுமந்தையைக் கடந்திருப்பீங்க. ஊர் பேர் ஞாபகம் இல்லாட்டியும் டோல்கேட் ஞாபகம் இருக்கும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மரக்காணம் பக்கத்துல, ரோட்டோரமா பாத்தி பாத்தியா உப்பளம் வரும். வெள்ளையா குவிச்சு வச்சிருக்கிற உப்பை நிறைய பேர் போட்டோ எடுத்திருப்பீங்க.

இந்தக் கடற்கரையில டோல் வசூலும் நடக்குது, உப்பும் விளையுது. ரெண்டுமே நாட்டோட ஜிடிபியில சேருது. அப்போ ஜிடிபி ஏறுச்சுன்னா உப்பளத்துல வேலை செய்யறவங்க வாழ்க்கையும் ஏறுச்சுன்னு அர்த்தமா? இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியைப் பத்தித்தான். இதுக்கு 150 வருஷ வரலாறு இருக்கு. அந்த வரலாறு முழுக்க உப்பு கூடவே வருது.

20 ரூபாயா, 27 ரூபாயா?

1876-ல தாதாபாய் நௌரோஜி 'இந்தியாவின் வறுமை' பத்தி ஒரு கட்டுரை வாசிக்கிறார். அந்தக் காலத்துல "தேசிய வருமானம்"னு ஒரு அரசுப் புள்ளிவிவரமே கிடையாது. அவர் அரசாங்கத்தோட அறிக்கைகளையே எடுத்து, மாகாணம் மாகாணமா என்ன விளையுது, அதுக்கு என்ன விலைன்னு கூட்டினார். பயிர், அப்புறம் அபின், நிலக்கரி, கூடவே உப்பு. மொத்தம் 34 கோடி பவுண்டு. மக்கள் தொகை 17 கோடி. ஆளுக்கு 2 பவுண்டு, அதாவது வருஷத்துக்கு 20 ரூபாய். இது 1867-68 வாக்கில இருந்த நிலைமைக்கான கணக்கு.

அதோட அவர் நிறுத்தலை. ஒரு மனுஷன் உயிரோட இருக்க எவ்வளவு வேணும்னு பார்க்க, சிறைக் கைதிகளுக்கு அரசாங்கமே செலவழிக்கிற தொகையை எடுத்துப் பக்கத்துல வச்சார். கைதிக்கு ஆகுற செலவு, வெளியில இருக்கிற சராசரி இந்தியனோட வருமானத்தைவிட அதிகமா இருந்துச்சு. வெறும் 20-ங்கிற எண் யாரையும் அசைக்காது. கைதியோட ஒப்பிட்டதும்தான் அதுக்கு அர்த்தம் வந்துச்சு.

அரசாங்கம் பதில் சொல்லியாகணும். 1882-ல நிதி உறுப்பினரா இருந்த ஈவ்லின் பேரிங், பின்னாள்ல எகிப்தை ஆண்ட குரோமர் பிரபு, டேவிட் பார்பரோட சேர்ந்து போட்ட கணக்கு 27 ரூபாய். இதைத் துல்லியம்னு சொல்ல முடியாதுன்னு பேரிங்கே ஒத்துக்கிட்டார். வரி கட்டுற மக்கள் ரொம்ப ஏழைங்கங்கிறது மட்டும் இதுல தெளிவாத் தெரியுதுன்னும் சொன்னார். கணக்கு எப்படிப் போட்டீங்க, விவரம் கொடுங்கன்னு நௌரோஜி கேட்டார். கொடுக்கலை. சோர்ஸ் கோடு காட்டாம ரிசல்ட் மட்டும் காட்டுற மாதிரிதான்.

1901-ல கர்சன் பிரபு 30 ரூபாய்னு சொன்னார். அதே வருஷம் வில்லியம் டிக்பி தன்னோட புத்தகத்துல 18 ரூபாய்க்கும் குறைவுன்னு எழுதினார். ஒரே நாடு, கிட்டத்தட்ட ஒரே காலம், ரெண்டு எண். ஏன் இவ்வளவு சண்டை? இந்த எண்ணை வச்சுத்தான் மக்கள்கிட்ட எவ்வளவு வரி வாங்கலாம்னு வாதாட முடியும்.

உப்பு வரியோட கணக்கு

சென்னை மாகாணத்துல 1805-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன்னோட ஏகபோகமாக்கிடுச்சு. உப்பு விளைவிக்கிற செலவைவிட அது மேல போட்ட வரி பல மடங்கு.

பேரிங் 1882-ல மக்கள் ஏழைங்கன்னு சொன்ன அதே சமயம், உப்பு வரியை ஒரு மணங்குக்கு 2 ரூபாயாக் குறைச்சார். மணங்குங்கிறது சுமார் 37 கிலோ. ஆனா 1888-ல பர்மா போர்ச் செலவு, ரூபாய் மதிப்பு வீழ்ச்சின்னு சொல்லி அது இரண்டரை ரூபாயா ஏறிடுச்சு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். அஞ்சு பேர் குடும்பம், ஆளுக்கு வருஷத்துக்கு 6 கிலோ உப்புன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 30 கிலோ. அதுக்கு வரி சுமார் 2 ரூபாய். நௌரோஜி கணக்குப்படி குடும்ப வருமானம் 100 ரூபாய், வரி 2 சதவீதம். பேரிங் கணக்குப்படி 135 ரூபாய், வரி 1.5 சதவீதம். ரெண்டுமே பார்க்க சின்னதாத்தான் தெரியும்.

ஆனா ரெண்டுமே சராசரி. ஜமீன்தாரும் கூலிக்காரரும் ஏறக்குறைய அதே அளவு உப்புதான் சாப்பிடுறாங்க. சராசரியில பாதி சம்பாதிக்கிற குடும்பத்துக்கு அதே 2 ரூபாய் 4 சதவீதம். 10,000 ரூபாய் வருமானம் உள்ளவருக்கு அது கணக்குலயே வராது. ஐடியில இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. சராசரி லேட்டன்சி அருமையா இருக்கும். ஆனா கடைசி 5 சதவீதம் யூசருக்கு ஆப் ஓப்பனே ஆகாது.

1903-ல இருந்து 1907 வரைக்கும் வரி படிப்படியா இரண்டரையில இருந்து ஒரு ரூபாய்க்கு இறங்குச்சு. நாட்டோட உப்பு நுகர்வு ஏறுச்சு. அப்போ அதுவரைக்கும் ஜனங்க உப்புலயே மிச்சம் பிடிச்சிருக்காங்க. தனிநபர் வருமானம் காட்டாத ஒண்ணை, மக்கள் எவ்வளவு உப்பு வாங்கினாங்கங்கிற கணக்கு காட்டிக் கொடுத்துடுச்சு. 1930-ல தண்டியிலயும் வேதாரண்யத்துலயும் உப்பு அள்ளினது ஏன் அத்தனை கோடி பேருக்குச் சட்டுனு புரிஞ்சுதுன்னா, அந்த வரி ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலயும் இருந்துச்சு. 1947 ஏப்ரல்லதான் அது ஒழிஞ்சுது.

கணக்குல வராதவங்க

சுதந்திரத்துக்கு அப்புறம், 1949-ல தேசிய வருமானக் குழு அமைச்சாங்க. தலைவர் மகலனோபிஸ், உறுப்பினர்கள் டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ். அவங்க கணக்குப்படி 1948-49-ல ஆளுக்குச் சுமார் 247 ரூபாய். அந்தக் குழுவுக்கு ஆலோசகரா வந்தவங்கள்ல ஒருத்தர் சைமன் குஸ்நெட்ஸ். 1934-லயே அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில, தேசிய வருமானத்தை வச்சு ஒரு நாட்டு மக்களோட நலனை அளக்க முடியாதுன்னு எச்சரிச்சவர். கருவியை உருவாக்கினவரே அது எதுக்கு உதவாதுன்னும் சொல்லிட்டார். கருவியை எடுத்துக்கிட்டோம், எச்சரிக்கையை விட்டுட்டோம்.

உப்பளத்துக்கு வாங்க. மரக்காணத்துல வருஷ ஆரம்பத்துல பாத்தியைச் சரி பண்ணி, மிதிச்சுக் கெட்டிப்படுத்தி, தண்ணி கட்டுவாங்க. வெயில் ஏற ஏற உப்பு விளையும். வாரி, கூடையில சுமந்து குவிப்பாங்க. சுமக்கிறதுல பெண்கள் நிறைய. வடகிழக்குப் பருவமழை வந்தா வேலை அவ்வளவுதான். 2022-ல இருந்து தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்குது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வருமானமே இல்லைங்கிறதை ஒரு அரசாங்கம் ஒத்துக்கிட்ட மாதிரி அது.

ஜிடிபிக்கு இந்த மூணு மாசம் தெரியாது. அது வருஷத்தோட மொத்த உப்பு மதிப்பைக் கூட்டிட்டுப் போயிடும். மழையில கடன் வாங்கி, வெயில்ல அடைக்கிறது அதுல வராது. கூடை சுமந்துட்டு வந்து வீட்டுல சமைக்கிற வேலையும் வராது. கண்ணைக் கூச வைக்கிற வெயிலும், உப்புத் தண்ணியில வெடிச்ச காலும் வரவே வராது.

இதைச் சரி பண்ணத்தான் 1990-ல மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னோட சேர்ந்து மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டு வந்தார். வருமானத்தோட ஆயுளும் கல்வியும் சேர்ந்துச்சு. 2003-ல தமிழ்நாட்டுக்கு வந்த மனித மேம்பாட்டு அறிக்கையில, கடைசி வரிசை மாவட்டங்கள்ல விழுப்புரமும் ஒண்ணு. நிதி ஆயோக்கோட பல்பரிமாண வறுமைக் குறியீட்டுல தமிழ்நாடு 2015-16-ல 4.76 சதவீதம், 2019-21-ல 2.20 சதவீதம். இது நிஜமான முன்னேற்றம், அதைச் சின்னதாக்க வேண்டாம்.

ஆனா இந்தக் கணக்கு மாவட்டத்தோட நின்னுடுது. 2019 நவம்பர்ல விழுப்புரத்துல இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. அன்னைக்கு ராத்திரி விழுப்புரத்தோட எல்லா சராசரியும் மாறிடுச்சு. உப்பளத்துல யாரோட கூலியும் மாறலை.

அதனால அடுத்த தடவை "பொருளாதாரம் இத்தனை சதவீதம் வளர்ந்துச்சு"ன்னு செய்தி வந்தா மூணு கேள்வி கேளுங்க. இது யாரோட சராசரி? எந்த மாசத்தை விட்டுட்டுப் போட்ட கணக்கு? நௌரோஜி கைதியைப் பக்கத்துல வச்ச மாதிரி, இந்த எண்ணுக்குப் பக்கத்துல எதை வச்சுப் பார்க்கணும்?

உங்க ஊர்ல எந்தத் தொழில் இப்படிக் கணக்குக்கு வெளியே நிக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.