வட்டார வரலாற்றுத் தேடல்: சேலம், நாமக்கல்

சேலம் வட்டாரத்தின் பழமையை முதலில் விரிவாக அச்சேற்றியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். லெ ஃபானுவின் மாவட்டக் கையேடு 1883இலும், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் 1918இலும் வெளிவந்தன. இரண்டும் ஆட்சி நடத்துவோருக்காக எழுதப்பட்டவை. ஆனாலும் அவற்றைப் புரட்டாமல் இன்றும் இங்கே யாரும் வரலாறு எழுத முடியாது.

ஊர்க்காரராக நின்று இந்த வேலையைத் தொடங்கியவர் திருச்செங்கோடு தி. அ. முத்துசாமிக் கோனார். சுவடி, செப்பேடு, கல்வெட்டு என்று தேடித் திரட்டியவர். கொங்குமண்டல சதகத்தை உரையுடன் பதிப்பித்தார். 1934இல் அவருடைய ‘கொங்கு நாடு’ வந்தது. பல்கலைக்கழக ஆதரவு ஏதும் இல்லாமல் ஒரு சிற்றூர்ப் புலவர் செய்து முடித்த காரியம் இது.

மாநிலத் தொல்லியல் துறை 1961இல் அமைந்தது. 1970களில் செங்கம் நடுகற்கள் பேசப்பட்டபின் கிராமத்து வேலியோரக் கற்களுக்கும் மதிப்பு கூடியது. அண்மைக் காலத்தில் சேலம் வரலாற்று ஆய்வு மையம் போன்ற சிறு குழுக்கள் ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் நடுகல்லும் கல்வெட்டும் தேடிப் பதிவு செய்கின்றன. மைப்படி எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்ட வேண்டும். பிறகு மை ஒற்றினால் கருப்பில் வெள்ளையாக எழுத்து எழும். காற்றடித்தால் தாள் கிழியும், மறுபடி முதலிலிருந்து.

இத்தகைய தேடல் நீதிமன்றம்வரை போனதும் உண்டு. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலை புத்தருடையது என்று புத்தர் அறக்கட்டளை ஒன்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. தொல்லியல் துறை ஆராய்ந்தபோது தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காதுமடல் எல்லாம் தெரிந்தன. துண்டான தலை சிமென்ட்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. சிலையைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது என்று 2022 ஜூலையில் தீர்ப்பானது. சான்றைப் பொறுத்தவரை தீர்ப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தக் கல்லுக்கு இத்தனை காலம் காவலாக இருந்ததும் முனியப்பன் பூசைதான். ஆத்தூர் அருகே தியாகனூரிலோ, புத்தர் என்று தெரிந்தேதான் ஊரார் கும்பிடுகிறார்கள்.